ஆப்பிரிக்க நாடான அங்கோலா சீனாவின் கடனை எண்ணெயாகக் கொடுத்து அடைக்கிறதாமே, அது எப்படி?

பண்டமாற்று போலத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. எண்ணெய் சந்தை விலையை ஒட்டித்தான் விற்பனையாகிறது. விற்ற பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதில்தான் பிடி இருக்கிறது.

27 ஆண்டு உள்நாட்டுப் போர் 2002-ல் முடிந்தபோது அங்கோலாவின் சாலை, ரயில், பாலம் எல்லாம் சிதைந்து கிடந்தன. 2004-ல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி 200 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதில் பெரும்பகுதி ரொக்கமாகத் தலைநகர் லுவாண்டாவுக்கு வரவேயில்லை. சீன ஒப்பந்ததாரர் வேலை செய்து பில் போடுவார். அங்கோலா நிதியமைச்சகம் கையெழுத்திட்டதும் வங்கி நேரே அவர் கணக்கில் பணத்தைப் போட்டுவிடும். உள்ளூர் நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியது 30% மட்டுமே. லோபிட்டோ துறைமுகத்திலிருந்து கிழக்கே காங்கோ எல்லை வரை 1,344 கி.மீ. ஓடும் பெங்கேலா ரயில்பாதையைச் சீன நிறுவனம்தான் புதுப்பித்தது. ஆக, கடனுக்குக் கண்ணெதிரே பலன் இல்லாமல் இல்லை.

அடைப்பது இப்படி: அரசு எண்ணெய் நிறுவனமான சோனாங்கோல் கப்பலேற்றும். வாங்கும் சீன நிறுவனம் பணத்தை எஸ்க்ரோ கணக்கில், அதாவது கடனுக்கு ஈடாக ஒதுக்கிவைத்த தனிக்கணக்கில் கட்டும். அசலும் வட்டியும் அதிலிருந்து முதலில் கழியும், மிச்சம்தான் அங்கோலாவுக்கு.

சிக்கல் வருவது வட்டியால் அல்ல, விலையால். கடன் டாலரில், வருமானம் பீப்பாயில். 10 கோடி டாலர் தவணைக்கு, பீப்பாய் 100 டாலர் விற்கும்போது 10 லட்சம் பீப்பாய் போதும். 50 டாலருக்கு இறங்கினால் 20 லட்சம் வேண்டும். 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டி நின்ற விலை 2016 தொடக்கத்தில் 30-க்கும் கீழே போனது. உற்பத்தியும் கூடவே சரிந்தது: 2008-ல் நாளொன்றுக்குச் சுமார் 19 லட்சம் பீப்பாய், 2023-ல் ஏறத்தாழ 11 லட்சம். 2018 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் 370 கோடி டாலர் வாங்க நேர்ந்தது.

பிரேசிலைப் பாருங்கள். 2009-ல் அதன் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ், சீன அரசின் இன்னொரு வங்கியான சீன வளர்ச்சி வங்கியிடம் 1,000 கோடி டாலர் வாங்கி, எண்ணெய் விற்கவும் ஒப்புக்கொண்டது. ஆனால் கடன்பட்டது நிறுவனம், நாட்டின் கருவூலம் அல்ல. அங்கோலாவில் கடனாளி அரசே என்பதால், எண்ணெய் விலை விழும்போது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய காசுதான் முதலில் குறைகிறது. என்னைக் கேட்டால் இதுதான் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கொடிய பகுதி.

அங்கோலாவுக்கும் சீன வளர்ச்சி வங்கி கடன் கொடுத்திருக்கிறது. அதற்கு ஈடாக எஸ்க்ரோ கணக்கில் முடங்கிய பணத்திலிருந்து மாதம் 15 முதல் 20 கோடி டாலர் வரை எடுத்துத் தவணை கட்ட, 2024 மார்ச்சில்தான் அந்த வங்கி இசைந்தது.