ஸ்பானிங் ட்ரீயை அணைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச் இருக்கிறது. காலையில் கணினியைப் போட்டால் ஐபி முகவரி கிடைப்பதில்லை, 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து நிற்கிறது. ஸ்பானிங் ட்ரீயை அணைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எப்படி அணைப்பது?

பதில்: ஸ்பானிங் ட்ரீ என்பது கேபிள்கள் வட்டமாக இணைந்து (லூப்) தரவு முடிவில்லாமல் சுற்றாதபடி ஸ்விட்ச் செய்துகொள்ளும் ஏற்பாடு. முதலில் கோளாறு அதுதானா என்று பாருங்கள். ஒரு கணினியின் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். போர்ட் விளக்கு அரை நிமிடம் ஆரஞ்சு நிறத்தில் இருந்துவிட்டுப் பச்சைக்கு மாறினால் ஸ்பானிங் ட்ரீதான் காரணம். லூப் இருக்கிறதா என்று கவனிக்கும் லிசனிங் 15 விநாடி, எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்று கற்கும் லேர்னிங் 15 விநாடி. அதுவரை அந்தப் போர்ட் எந்தத் தரவையும் கடத்தாது. அதற்குள் கணினி ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரைத் தேடிக் களைத்துவிடுகிறது.

இதற்காக ஸ்பானிங் ட்ரீயையே அணைக்க வேண்டாம். கணினி, பிரிண்டர் செருகும் போர்ட்களில் மட்டும் காத்திருப்பை நீக்கினால் போதும். கான்ஃபிகரேஷன் முறையில் இவற்றை ஆங்கிலத்தில் வரிசையாகக் கொடுங்கள்:

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 - 24
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்
ஸ்பானிங்-ட்ரீ பிபிடியூகார்ட் எனேபிள்

காத்திருப்பை நீக்குவது போர்ட்ஃபாஸ்ட். பிபிடியூ என்பது ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்கள் அனுப்பும் செய்தி; அது வந்து சேரும் போர்ட்டை பிபிடியூகார்ட் மூடிவிடும். இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட் இந்த 24-க்குள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் கடைசி வரி அந்த இணைப்பையே மூடிவிடும். புதிய மென்பொருள் பதிப்புகளில் போர்ட்ஃபாஸ்ட்டுக்குப் பின் ‘எட்ஜ்’ என்றும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமான ரேப்பிட் முறைக்கு மாற்றினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஸ்விட்ச்களுக்கு இடையேதான் அது வேகம். ரேப்பிட் அனுப்பும் கேள்விக்குக் கணினி பதில் சொல்லாது. போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால் அதே 30 விநாடிதான்.

அணைத்தால் என்ன ஆகும்? ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் (எத்தனை தாவலுக்குப் பின் அழிய வேண்டும் என்ற எண்) உண்டு, ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. யாராவது ஐபி ஃபோனின் இரண்டு சாக்கெட்டையும் சுவரில் செருகினால் லூப் உருவாகி, எல்லோருக்கும் போகும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் நிற்காமல் சுற்றும், பெருகும். ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) இந்தப் போர்ட்டிலும் அந்தப் போர்ட்டிலும் மாறி மாறித் தெரிவதாக லாக் நிரம்பும். ஸ்விட்ச்சுக்குள் நுழையக்கூட முடியாது. கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிபிடியூகார்ட் இருந்தால் லூப் விழுந்த போர்ட் மட்டும் எர்ர்-டிசேபிள் (பிழையால் மூடப்பட்ட நிலை) ஆகி நின்றுவிடும். மேசைக்கடியில் வைக்கும் சில மலிவு ஸ்விட்ச்கள் பிபிடியூவை விழுங்கிவிடுவதால், பிராட்காஸ்ட் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் போட்டு வைப்பது நல்லது.

மூடிய போர்ட்டை ஷட்டவுன், நோ ஷட்டவுன் கொடுத்து எழுப்பலாம். தானாக எழ ‘எர்ர்டிசேபிள் ரெகவரி காஸ் பிபிடியூகார்ட்’ போதும். வழக்கமான இடைவெளி 300 விநாடி.

சரி, அணைத்தே ஆக வேண்டும் என்றால் விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) வாரியாக ‘நோ ஸ்பானிங்-ட்ரீ விலான் 10’. அந்த விலானில் எங்குமே இரட்டைப் பாதை இல்லை என்று கேபிளைத் தொட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். வரைபடத்தை நம்ப வேண்டாம். இணையச் சேவை நிறுவனத்தின் கருவியோடு இணையும் ஒரு போர்ட்டில் மட்டும் பிபிடியூ போகக் கூடாது என்றால், அங்கு மட்டும் பிபிடியூஃபில்டர் போடலாம். அந்தப் போர்ட்டைப் பொறுத்தவரை ஸ்பானிங் ட்ரீயை அணைத்ததும் அதுவும் ஒன்றே.