பழைய வீட்டுப் பிரமாணத்தைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

கேள்வி: தோவாளை வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த வீட்டைத் தாத்தா 1961-இல் விற்றுவிட்டார். அந்தக் கிரயப் பிரமாணத்தின், அதாவது விற்பனைப் பத்திரத்தின், நகல் மட்டுமே கையில் இருக்கிறது. சொத்து யார் வழியாக வந்தது என்று அதில் எழுதப்பட்டிருக்கும் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் தந்தை பெயரும் அதுவல்ல. இதைக் கொண்டு முந்தைய தலைமுறைகளைக் கண்டறிய முடியுமா?

பதில்: முடியும். உங்களைக் குழப்பும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குங்கள்.

தோவாளை வட்டம் அடங்கிய நாஞ்சில் நாட்டில் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்கே வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு தேடுபவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். இங்கே நாஞ்சில் நாட்டு வேளாளர் உள்ளிட்ட சில சமூகங்களில் மருமக்கள்வழி நடைமுறையில் இருந்தது. குடும்பத் தலைவரான காரணவருக்குப் பின் குடும்பச் சொத்தின் பொறுப்பு அவருடைய சகோதரியின் மகனான அனந்தரவனிடம் சென்றது, மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பங்கே கிடைத்தது. ஆகவே உங்கள் குடும்பம் எந்த வழியைச் சேர்ந்தது என்பதைப் பெரியவர்களிடம் முதலில் கேட்டறியுங்கள். மருமக்கள்வழி என்றால் அந்த அறியாத பெயர் தாத்தாவின் தாய்மாமனுடையதாகவோ, தாய்மாமனின் தாய்மாமனுடையதாகவோ இருக்கக்கூடும். அப்போது நீங்கள் வரைய வேண்டிய வம்சாவளி பெண்கள் வழியாகச் செல்லும்.

திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1101-இன், அதாவது 1926-இன், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இந்த முறையை மாற்றியது. அதையொட்டிய ஆண்டுகளில் குடும்பச் சொத்தைப் பிரித்து எழுதிய பாகப்பத்திரம் ஒன்று கிடைத்தால் வேறு எதையும்விட அதை மேலாக மதிப்பேன். கிரயப் பிரமாணத்தில் தரப்பினராக விற்றவரும் வாங்கியவரும் மட்டுமே இருப்பார்கள். பாகப்பத்திரத்திலோ பங்குக்கு உரிய பெண்களும் மைனர் பிள்ளைகளும்கூட, இன்னாருக்கு இன்ன உறவு என்ற விவரத்துடன் இடம்பெறுவார்கள்.

அந்த அறியாத பெயருக்கு இன்னொரு விளக்கமும் இருக்கலாம், அது ஒற்றி. பணம் கொடுத்தவர் வீட்டை அனுபவத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்பதால், ஒரு குடும்பம் தலைமுறைக் கணக்கில் குடியிருந்த வீடு வேறொருவருக்கு உரியதாகவே இருந்திருக்கலாம். குடியிருந்ததை வைத்து உரிமையை முடிவுசெய்யாதீர்கள்.

உங்கள் நகலில் முன் பிரமாணத்தின் எண், ஆண்டு, பதிவு அலுவலகத்தின் பெயர் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலைக் கேட்டு, அதில் சொல்லப்படும் முந்தைய பிரமாணத்தை அடுத்துக் கேட்டு, இப்படியே பின்னோக்கிச் செல்லலாம். இணையவழி வில்லங்கச் சான்று பொதுவாக ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிந்தைய பதிவுகளையே காட்டும். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, பெயர் அட்டவணையிலும் சொத்து அட்டவணையிலும் தேடச் சொல்ல வேண்டும். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் இறந்துவிட்டிருந்தால் யார் விண்ணப்பித்தாலும் நகல் பெறலாம்.

1956 நவம்பர் 1 வரை தோவாளை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் பழைய பிரமாணங்களில் கொல்லம் ஆண்டே காணப்படும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன் பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1090 ஆவணி என்பது 1914, அதே ஆண்டின் தை என்பது 1915. தொகை சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் நாணயத்தில் இருந்தால், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சில பிரமாணங்கள் மலையாளத்தில் இருக்கும். படித்துச் சொல்ல ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் கிடைத்தால் நல்லது, ஏனெனில் அந்தக் காலத்துக் கையெழுத்தும் சட்டச் சொற்களும் மொழி தெரிந்தவரையே திணறவைக்கும்.

ஆளின் பெயரைவிட வீட்டுப்பெயரையும் சர்வே எண்ணையும் நம்புங்கள். ஒரே பெயர் பேரனுக்கும் சகோதரி மகனுக்கும் திரும்பத் திரும்ப வைக்கப்படும். ‘புத்தன்வீடு’ போன்ற வீட்டுப்பெயரும்கூட ஒவ்வோர் ஊரிலும் இருக்கும் என்பதால், சர்வே எண்ணோடு சேர்த்தே அதைக் கொள்ள வேண்டும். மறு நில அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண்ணுக்கு உரிய புதிய எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பலரும் படிக்காமல் தாண்டிவிடும், நான்கு பக்கமும் யாருடைய இடம் என்று சொல்லும் நான்கெல்லை விவரத்தையும் ஒவ்வொரு பிரமாணத்திலிருந்தும் எழுதி வையுங்கள்: குடும்பச் சொத்து பிரிக்கப்படும்போது அடுத்தடுத்த மனைகள் உடன்பிறந்தாருக்கே போவது வழக்கமாதலால், வடக்கெல்லைக்கு உரியவராகக் குறிக்கப்பட்டவர் உங்கள் தாத்தாவின் பெரியம்மாவாகவே இருக்கலாம். அவருடைய வீட்டின் பிரமாணம் இன்றும் அவர் வழியினரிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்களிடம் இல்லாத பாகப்பத்திரத்தின் இன்னொரு படி அங்கே இருக்க வாய்ப்புண்டு.