அத்தானின் கேமரா

அன்புள்ள சார்,

நான் நாங்குநேரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடமாகக் கூந்தன்குளம் போய்ப் பறவைகளை போனில் எடுக்கிறேன், எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது. கேமரா வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அக்கா வீட்டு அத்தான் தன்னுடைய கேனான் 200டி மார்க் 2 கேமராவை, 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸோடு 30,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கடைக்காரரோ, "டிஎஸ்எல்ஆர் எல்லாம் செத்துப்போச்சு மேடம், சின்னதா வெயிட் இல்லாம மிரர்லெஸ் வாங்குங்க" என்று கேனான் ஆர்50-ஐ 18-45 லென்ஸோடு காட்டினார். விலை இரண்டு மடங்குக்கு மேல். கொஞ்சம் கடன் வாங்கினால் முடியும். எதை வாங்க?

ம.

அன்புள்ள ம.,

அத்தானுடையதை வாங்குங்கள். கடன் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. 2020-க்குப் பிறகு கேனான் புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆரும் கொண்டுவரவில்லை, நிக்கானும் அப்படித்தான். சரி, அதனால் அத்தான் வீட்டு அலமாரியில் இருக்கிற கேமரா படம் எடுப்பதை நிறுத்திவிடுமா என்ன?

வெயிட் விஷயத்துக்கு வருவோம். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து ஆர்50 375 கிராம், 200டி மார்க் 2 449 கிராம். ஒரு கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 55-250 லென்ஸ் மட்டுமே 375 கிராம் இருக்கும், பறவை எடுக்க அது இல்லாமல் ஆகாது, எண் கூடக் கூடத்தான் தூரத்தில் இருப்பது பெரிதாக வரும். 18-45 லென்ஸோடு கூந்தன்குளம் போனீர்களென்றால் இப்போது வருகிற அதே புள்ளிகள்தான் வரும், கொஞ்சம் தெளிவான புள்ளிகள். படம் பதிகிற சென்சாரும் இரண்டிலும் ஒரே அளவு, இரண்டும் 24 மெகாபிக்சல்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது, பட்டனை அழுத்தினால் அது டக்கென்று தூக்கிக்கொள்ள, வெளிச்சம் சென்சாரில் விழுகிறது. கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டுமே, அதனால் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்கள். கண்ணாடியை எடுத்த பிறகு கேனானின் இப்போதைய மிரர்லெஸ்ஸில் அது 20 ஆகிவிட்டது. நடுவில் மிச்சமான 24 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு வெற்று வளையம் போதும், அடாப்டர் என்ற பெயரில் கேனானே விற்கிறது. அதை மாட்டினால் அத்தானின் 55-250 நாளைக்கு ஆர்50-லும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். தலைகீழாக நடக்காது, மிரர்லெஸ் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் சேராது. ஆக இன்று கொடுக்கும் முப்பதாயிரத்தில் ஒரு பகுதி நாளைய கேமராவுக்கும் வந்துவிடுகிறது.

பேட்டரி இரண்டுக்கும் ஒன்றேதான், எல்பி-இ17. அதே பேட்டரியில் அத்தானின் கேமரா, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக 1,070 படம் எடுக்கும் என்று கம்பெனி கணக்கு, ஆர்50-ல் அதில் பாதிகூட வராது. நாரை எப்போது சிறகை விரிக்கும் என்று கண்ணை ஒட்டவைத்து உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் எரிந்துகொண்டே இருக்கின்றன. டிஎஸ்எல்ஆரில் நீங்கள் பார்ப்பது கண்ணாடியில் விழும் வெளிச்சம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இழப்பு இல்லாமல் இல்லை. நான் இப்போது வைத்திருப்பது மிரர்லெஸ்தான், பறக்கும் பறவைக்காக மட்டும் கேட்டால் பழையதற்குத் திரும்ப மாட்டேன். ஆர்50 பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் துரத்தும். அத்தானின் வியூஃபைண்டரில் ஒன்பதே ஃபோகஸ் புள்ளி. பறக்கிற கூழைக்கடாவைக் குறிவைத்தால் முதல் மாதம் வாலும் வானமும்தான் கிடைக்கும். வெள்ளை இறகு வெளுத்துப்போவதையும் எடுத்த பிறகுதான் திரையில் பார்ப்பீர்கள் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பழகுங்கள், பாதித் தொல்லை போய்விடும்). ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பறவைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகிறவை, ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை. மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு ஊட்டுவதை ஒழுங்காக எடுக்கவே ஒரு சீசன் போய்விடும். அதற்கு ஒன்பது புள்ளி தாராளம்.

கல்யாண வீடியோ எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தால் பதில் வேறு. 200டி மார்க் 2-வின் 4கே வீடியோ ஓரங்களை வெட்டிவிடும், ஃபோகஸும் சுமார்தான்.

அத்தானாகவே இருந்தாலும் லென்ஸைச் சோதித்து வாங்குங்கள். நான் ஒரு கடையில் பழைய லென்ஸ் ஒன்றை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒட்டடை மாதிரி நூல் நூலாகப் பூஞ்சை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை, நூல் தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பீரோவில் துணிக்கு நடுவில் வேண்டாம்.

அப்புறம் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள். அது எப்போதும் அக்கா வீட்டிலேயே தங்கிவிடும்.