ஸ்பானிஷ் சப்ஜங்டிவ்: ‘ஓ’வை எடுங்கள், உயிரெழுத்தை மாற்றுங்கள்

நண்பரே, ஸ்பானிஷில் ‘நீ பேச வேண்டும் என விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ கே ஆப்லாஸ்’ என்று எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருந்தீர்கள். அங்கே விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் சப்ஜங்டிவ் வடிவமான ‘ஆப்லெஸ்’ வர வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்வதை விடுங்கள். ‘நான்’ வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ஆப்லோ (நான் பேசுகிறேன்) என்பதில் கடைசி ‘ஓ’வை எடுத்துவிட்டு, ஆப்லார் என்பது ‘ஆர்’ என முடியும் வினை என்பதால் ‘எ’ ஒலி சேருங்கள். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: ஆப்லே, ஆப்லெஸ், ஆப்லே, ஆப்லெமோஸ், ஆப்லேய்ஸ், ஆப்லென். ‘ஏர்’, ‘இர்’ என முடியும் வினைகளுக்கு நேர்மாறாக ‘ஆ’ வரும். கோமோ (சாப்பிடுகிறேன்) என்பது கோமா, கோமாஸ் ஆகும். எஸ்கிரிபோ (எழுதுகிறேன்) என்பது எஸ்கிரிபா. இந்த இரண்டு வகைக்கும் விகுதிகள் ஒன்றேதான், பெரிய நிம்மதி!

‘நான்’ வடிவத்தை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒழுங்கற்ற வினையான தெனேர் (வைத்திருத்தல்)கூட, தெங்கோ என்ற ‘நான்’ வடிவம் வழியாகப் போனால் தெங்கா என்று தானே வந்துவிடும்.

அப்புறம், புஸ்கார் (தேடுதல்) போன்ற வினைகளில் எழுத்தைக் கவனியுங்கள். ‘புஸ்கே’ எழுதும்போது ‘சி’ போய் ‘கியூ, யு’ வரும். ‘சி’யை அப்படியே விட்டால் ‘க’ ஒலி கெட்டுவிடும். பகார் (பணம் செலுத்துதல்) வினையிலும் இதே காரணத்தால் ‘ஜி’க்குப் பின் ஒரு ‘யு’ சேரும். ‘எஸ்பேரோ கே’ (‘… என நம்புகிறேன்’) என்று தொடங்கி தினமும் சில வாக்கியங்கள் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.