டென்மார்க் டூர்: பஸ்ஸுக்குப் பணமா, கைடுக்குப் பணமா?

டென்மார்க் சுற்றுலா பற்றிச் சில மாதங்களாகச் சேர்ந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்திருக்கிறேன். பெரும்பாலானவை 'வரலாறு, பாரம்பரியம்' என்று பெயர் போட்டு விற்கப்படும் டூர்களைப் பற்றியவை.

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் சரித்திரத்தில் ஆர்வம் உண்டு. ஒரு டிராவல்ஸ்காரர் பத்து நாள் ஸ்காண்டிநேவியா பேக்கேஜைக் காட்டி, டென்மார்க்கின் பாரம்பரியத்தை முழுதாகப் பார்த்துவிடலாம் என்கிறார். அட்டவணையில் கோபன்ஹேகனுக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது. கொடுக்கும் பணத்துக்கு இது தகுமா? (சென்னை வாசகர்)

பதில்: அட்டவணையில் இடங்களின் பெயரைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். 'வெளியிலிருந்து பார்த்தல்', 'வழியில் காணுதல்', 'புகைப்படத்துக்கு நிறுத்தம்' என்று இருந்தால் நுழைவுச்சீட்டு கிடையாது என்று அர்த்தம். இந்த வகை பேக்கேஜ்களில் வழக்கமாக வருபவை கடற்கன்னிச் சிலை, அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கம், நியூஹவுன் படகுத்துறை, டிவோலி பூங்காவின் வாசல். நான்குமே தெருவில் நின்று காசில்லாமல் பார்க்கக்கூடியவை. 1913இல் வைத்த அந்தச் சிலையின் உயரமே ஒன்றேகால் மீட்டர்தான். பஸ் நிற்கிறது, எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், பஸ் கிளம்புகிறது.

அமாலியன்போர்க்கில் காவலர் மாறும் சடங்கு தினமும் பகல் 12 மணிக்கு. காவலர்கள் 11.30 மணி வாக்கில் ரோசன்போர்க் கோட்டைப் பக்கமிருந்து நகர வீதிகள் வழியாக அணிவகுத்து வருவார்கள். கூடவே நீங்களும் நடக்கலாம். இதற்கு டிக்கெட் என்று யாராவது காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்படியானால் பேக்கேஜில் பணம் எதற்குப் போகிறது? பஸ், ஹோட்டல், இரவில் இந்தியச் சாப்பாடு, கூடவே வரும் டூர் மேனேஜர். இவை உங்களுக்குத் தேவை என்றால் அதில் தவறே இல்லை. பெட்டி தூக்கவும் ரசம் சாதத்துக்கும் ஆள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல வியாபாரம்தான். ஆனால் அதைச் சரித்திர டூர் என்று நம்பி வாங்கக்கூடாது.

பணம் கட்டும் முன் டிராவல்ஸ்காரரிடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். ரோசன்போர்க், ஹெல்சிங்கோரில் உள்ள குரோன்போர்க், ரோஸ்கில்டே ஆகியவற்றில் எதற்கெல்லாம் உள்ளே போக டிக்கெட் சேர்ந்திருக்கிறது? விளக்கம் சொல்லப்போவது உள்ளூர் கைடா, நம் ஊரிலிருந்து வரும் டூர் மேனேஜரா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? கோபன்ஹேகனில் இருக்கும் நாள் திங்கட்கிழமையா? கோடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே பல மியூசியங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. டிவோலியும் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை, பருவத்துக்குப் பருவம் இடையில் மூடிவிடுவார்கள்.

கையேட்டின் படங்களையும் கவனியுங்கள். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கட்டிய பழைய பங்குச்சந்தைக் கட்டடம், நான்கு டிராகன்களின் வால் முறுக்கிய கோபுரத்தோடு பல விளம்பரங்களில் பளிச்சென்று நிற்கும். 2024 ஏப்ரல் 16 அன்று நடந்த தீவிபத்தில் அந்தக் கோபுரம் சரிந்து விழுந்தது. அதை 'பார்க்கும் இடங்கள்' பட்டியலில் பழைய படத்தோடு எந்தக் குறிப்பும் இல்லாமல் வைத்திருக்கும் நிறுவனம், மற்ற பக்கங்களையும் சரிபார்த்திருக்காது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் ஆர்வத்துக்கு என் யோசனை வேறு. கோபன்ஹேகனிலேயே நான்கு இரவு தங்குங்கள். ரோஸ்கில்டேவுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள பேராலயத்தில் டென்மார்க்கின் சுமார் நாற்பது அரசர், அரசிகளின் சமாதிகள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் அந்த நாட்டின் முழு அரச வம்சக் கதை. அதே ஊரின் வைக்கிங் கப்பல் மியூசியத்துக்குப் பின்னாலுள்ள கதை இன்னும் சுவாரஸ்யம். எதிரிகள் கடல்வழியாக ஊருக்குள் வராமல் தடுக்க, 11ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்களே ஐந்து கப்பல்களைக் கடற்கழியில் மூழ்கடித்தார்கள். 1962இல் சுற்றிலும் அணை கட்டி, நீரை இறைத்து அவற்றை வெளியே எடுத்தார்கள். கிளம்பும் முன் எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பழைய பாணிப் படகில் பார்வையாளர்களே துடுப்புப் போட்டுக் கழியில் ஒரு சுற்றுப் போய்வரலாம், அதற்குத் தனிக் கட்டணம். முதுகுவலி இருந்தால் வேண்டாம்.

குரோன்போர்க் முக்கால் மணி நேர ரயில் பயணம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கும் கோட்டை. யுனெஸ்கோ பட்டியலில் 2000இல் சேர்ந்தது. இந்த மூன்று இடங்களுக்கும் 'ஒரு நாள் பஸ் டூர்' என்று விற்கிறார்கள். அதில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பஸ் சீட்டைத்தான். ரயிலில் போய், அந்த இடத்திலேயே மியூசியம் நடத்தும் வழிகாட்டி விளக்கத்தில் சேர்ந்துகொள்வது மலிவு. அந்த இடத்தையே தினமும் பேசுகிறவர் சொல்வதால் விஷயமும் கனமாக இருக்கும்.

இன்னொன்று. இந்தியாவில் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். 'திரும்பாத கட்டணம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா வருகிறார்கள், இருவருக்கும் வயது எழுபதை ஒட்டி. கோபன்ஹேகன் கார்டு வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். கார்டு வாங்கட்டுமா, தனி கைடு வைக்கட்டுமா? (மியூனிக் வாசகி)

பதில்: இரண்டும் வேறு வேறு பொருள். கார்டு கதவைத் திறக்கும், கதை சொல்லாது.

அந்தக் கார்டில் பலரும் வாங்கும் வகையில், எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு நுழைவும் தலைநகர் வட்டாரத்தின் ரயில், பஸ், மெட்ரோவும் சேரும். குரோன்போர்க், ரோஸ்கில்டே போகும் ரயிலும் அதில் அடக்கம். ஆனால் அது மணிக்கணக்கில் ஓடும் கார்டு. முதல் முறை பயன்படுத்திய நிமிடத்திலிருந்து 24, 48, 72 என்று தொடர்ந்து கழியும், ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்து. ஒரு நாளைக்கு நான்கு இடம் ஓடுகிறவர்களுக்குத்தான் லாபம். எழுபது வயதுக்காரர்கள் காலையில் ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று என்று போவார்கள். பல இடங்கள் மாலை நான்கு, ஐந்து மணிக்கே மூடிவிடும். பார்க்கப்போகும் இடங்களின் தனி டிக்கெட்டுகளைக் கூட்டிப் பாருங்கள், கார்டு விலையைத் தாண்டாவிட்டால் விட்டுவிடுங்கள். கார்டு இருந்தாலும் சில இடங்களில் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும், ரோசன்போர்க் அப்படி ஒன்று.

இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனைக் கோபுரத்துக்கு லிஃப்டில் ஏறிப் போகலாம், கட்டணம் இல்லை. அதே கட்டடத்தில் உள்ள நாடாளுமன்றம் குறிப்பிட்ட நாட்களில் ஆங்கிலத்தில் இலவச வழிகாட்டிச் சுற்று நடத்துகிறது.

தனி கைடு வைப்பதென்றால் அரை நாளுக்கு மட்டும் வையுங்கள், முதல் நாளே வையுங்கள். பழைய நகரத்தை ஒரு நல்ல கைடோடு மெல்ல நடந்துவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் புரியும். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பிடிபடாது என்றால் அதை முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். கற்கள் பாவிய தெருக்கள் அதிகம், எத்தனை இடத்தில் உட்கார முடியும் என்றும் கேளுங்கள். விலை ஆளுக்கா, குழுவுக்கா என்பதுதான் முக்கியமான கேள்வி. தனி கைடுகள் பெரும்பாலும் குழுவுக்குத்தான் வாங்குவார்கள். ஆகவே மூன்று பேருக்கு மூன்று மடங்கு கேட்டால் வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: 'இலவச வாக்கிங் டூர்' என்று போட்டிருக்கிறார்கள். நிஜமாகவே இலவசமா? டிப்ஸ் கொடுக்காவிட்டால் அவமானப்படுத்துவார்களா? (கோவை மாணவர்)

பதில்: அவமானப்படுத்த மாட்டார்கள், ஆனால் கைடின் வருமானமே அந்த டிப்ஸ்தான். பிடித்திருந்தால் மனசாரக் கொடுங்கள். டென்மார்க்கின் பணம் யூரோ இல்லை, குரோனர். நோட்டு கையில் இல்லாவிட்டால் கார்டு வாங்குவார்களா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஹோட்டல், டாக்சியில் டிப்ஸ் கட்டாயமில்லை, பில்லிலேயே சேவையும் 25 சதவீத வரியும் அடங்கியிருக்கும். இலவச டூரில் முப்பது நாற்பது பேர் நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. முன்னால் நில்லுங்கள்.

கேள்வி: ஆன்லைன் தளம் ஒன்றில் கோபன்ஹேகன் 'வைக்கிங் டூர்' ஒன்றுக்குப் பணம் கட்டினேன். விசா தாமதமாகி, பயணமே போகவில்லை. ரீஃபண்ட் கேட்டால் மறுக்கிறார்கள். ஐரோப்பாவில் 14 நாளுக்குள் எதையும் ரத்து செய்யலாம் என்று படித்தேனே? (மதுரை வாசகர்)

பதில்: அந்த 14 நாள் விதி உண்மைதான், ஆனால் உங்கள் டிக்கெட்டுக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட தேதிக்கு வாங்கிய தங்கல், போக்குவரத்து, பொழுதுபோக்குச் சேவைகளுக்கு ஐரோப்பியச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. ஆகவே அந்தத் தளத்தின் ரத்து நிபந்தனைதான் கடைசிச் சொல். '24 மணி நேரம் முன்பு வரை இலவச ரத்து' என்று இருந்து, நீங்கள் அதற்குள் ரத்து செய்தும் மறுத்தால் கேஸ் உங்கள் பக்கம். கெடு டென்மார்க் நேரப்படியா, நம் நேரப்படியா என்பதையும் பாருங்கள், மூன்றரை முதல் நான்கரை மணி நேர வித்தியாசம்.

டூரை அவர்களே நடத்தாமல் விட்டிருந்தால் வங்கியில் கார்டு பரிவர்த்தனையைத் தகராறு என்று பதிவு செய்யலாம். இந்தியத் தளமாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் இந்த வழியில் பணம் வருவது கடினம், உள்ளதைச் சொல்கிறேன்.

டென்மார்க் நிறுவனத்திடம் விமானம் அல்லது ஹோட்டலோடு சேர்ந்த பேக்கேஜாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த நிறுவனங்கள் 'ரைசெகரன்டிஃபொண்டன்' என்ற பயண உத்தரவாத நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனம் திவாலானால் பணம் அங்கிருந்து வரும். மூன்று மணி நேர வாக்கிங் டூருக்கு இது கிடையாது.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க டூர் டிக்கெட் தேவையே இல்லை. பயணத் திட்டம், தங்குமிடம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு போன்றவற்றைத்தான் கேட்பார்கள். விசா முத்திரை விழுந்த பிறகு டூர் வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் ஹெர்னிங்கில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வருகிறா. டெனிஷ் ஆட்களின் பழைய வாழ்க்கையைக் காட்ட ஆசை. பிள்ளைகளும் கூட வருவார்கள். கோபன்ஹேகனுக்கு டூர் புக் பண்ணவா? (ஹெர்னிங் வாசகர்)

பதில்: எதற்கு? யூட்லாண்டில் இருந்துகொண்டு கோபன்ஹேகனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் சித்தியை அலைக்கழிக்க வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஹெர்னிங்கிலிருந்து வெய்லே போகும் ரயில் பாதையிலேயே யெல்லிங் வருகிறது. அங்கே தேவாலய வாசலில் பழைய ரூனிக் எழுத்து பொறித்த இரண்டு கற்கள். சின்னது, கோர்ம் மன்னர் தன் மனைவி தைராவின் நினைவாக வைத்தது. பெரியது, அவர்கள் மகன் ஹரால்ட் 'நீலப்பல்', தன் பெற்றோர் நினைவாக சுமார் 965இல் நிறுத்தியது. டென்மார்க்கைக் கிறிஸ்தவ நாடாக்கியது தான்தான் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கல்லில் உள்ள கிறிஸ்து உருவம் பிள்ளைகளின் டெனிஷ் பாஸ்போர்ட்டிலும் இருக்கும், எடுத்துக் காட்டுங்கள். கைபேசியின் புளூடூத் இந்த ஹரால்டின் பெயர்தான் என்று சொன்னால் அவர்களும் கவனிப்பார்கள். பக்கத்து மியூசியத்துக்கு நுழைவு இலவசம். ஆனால் வெறும் கல்லாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கைடுக்குப் பணம் கொடுப்பதென்றால் நான் இங்கேதான் கொடுப்பேன்.

இன்னொரு பக்கம் ரயில் ஏறினால் சில்கபோர்க். 1950இல் கரிச்சேற்றில் கெடாமல் கிடைத்த பழங்கால உடலான டோலுண்ட் மனிதர் அங்கே இருக்கிறார். சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியும் முகத்தில் தாடி முள் தெரிகிறது. கழுத்தில் கயிறு இருப்பதால் சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

சித்திக்குப் பிடிக்கப்போவது ஆர்ஹூஸின் 'டென் கம்லே பூ'. நாடு முழுக்க இருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு ஊரையே எழுப்பியிருக்கிறார்கள். சமையலறை, பட்டறை, கடை என்று உள்ளே நுழைந்தே பார்க்கலாம். கட்டணம் குறைவில்லைதான், ஆனால் முழு நாளும் ஓடிவிடும். ரீபேயில் கோடை இரவுகளில் காவல்காரர் விளக்கு ஏந்தி, பாட்டுப் பாடிக்கொண்டே பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவார், அதுவும் இலவசம். சித்தி ஜூன் மாதம் வருகிறா என்றால் 23ஆம் தேதி மாலை ஊர்க் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ சங்க்ட் ஹன்ஸ் பண்டிகை நெருப்பு மூட்டுவார்கள். அதற்கும் டூர் விற்கிற ஆட்கள் உண்டு, பக்கத்து வீட்டாரோடு போங்கள்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். தரங்கம்பாடியை ஆண்ட நாட்டைப் பார்க்கப் போகிறேன். அங்கே அந்தக் கதையைச் சொல்லும் டூர் உண்டா? (வாசகர்)

பதில்: வழக்கமான நகர டூரில் அது வராது. ராஜா, கோட்டை, ஆண்டர்சன் கதைகள் என்று முடித்துவிடுவார்கள். ஆகவே புக் செய்யும் முன் 'காலனி வரலாறு, இந்தியா, தரங்கம்பாடி பேசுவீர்களா' என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள். தனி கைடு என்றால் வழியையே அதற்கேற்ப மாற்றித் தருவார்.

கேட்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ரோசன்போர்க்கைக் கட்டிய அதே நான்காம் கிறிஸ்டியன் காலத்தில்தான் 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1620இல் டென்மார்க் சார்பில் வந்த ஓவே கெட்டே தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்தார். கிறிஸ்டியன்ஸ்ஹவுன் பகுதியில் 'ஆசியாடிஸ்க் பிளாஸ்' என்ற சதுக்கத்தில் பின்னாளைய ஆசியக் கம்பெனியின் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, இப்போது அங்கே வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. துறைமுகத்தின் மறுகரையில், அமாலியன்போர்க்குக்குப் பக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வந்து இறங்கிய பழைய கிடங்கு. அந்தச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. தரங்கம்பாடியை 1845இல் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள், மேற்கிந்தியத் தீவுகளில் தங்கள் வசமிருந்தவற்றை 1917இல் அமெரிக்காவுக்கு விற்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசத் தெரிந்த கைடு கிடைத்தால் கூடக் கொடுத்தாலும் தகும்.

தேசிய மியூசியத்தில் இந்தியப் பொருட்கள் உண்டு, ஆனால் காட்சியில் எது இருக்கிறது என்று போகும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. கிளம்பும் முன் ஒரு காலைப்பொழுது தரங்கம்பாடிக்குப் போய் டேன்ஸ்போர்க் கோட்டையையும், சீகன்பால்க் கட்டி 1718இல் திறந்த புதிய ஜெருசலேம் தேவாலயத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை கோபன்ஹேகன் கைடிடம் முன்கூட்டியே அனுப்பிவிட்டால், அவர் எவ்வளவு தயாராக வருவார் என்பதும் பதிலிலேயே தெரிந்துவிடும்.