பணம் திரும்பிப் போகிறது, நாணயம் போய்விட்டது – கடிதம்

வணக்கம்.

எங்கள் விளையாட்டுச் செயலி கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர், அமேசான் ஆப்ஸ்டோர் மூன்றிலும் இருக்கிறது. நாணயப் பொதிகளும் மாதச் சந்தாவும் விற்கிறோம். பிளேயில் வாங்கிய சிலருக்கு மூன்று நாளில் பணம் தானாகத் திரும்பிவிடுகிறது. நாணயத்தையோ அதற்குள் செலவழித்துவிடுகிறார்கள். ஐபோனில் சந்தா கட்டியவர் ஆண்ட்ராய்டில் நுழைந்தால் ‘சந்தா இல்லை’ என்று காட்டுகிறது. என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிளேயில் வாங்கியதை 3 நாளுக்குள் ‘அக்னாலெட்ஜ்’ (கொள்முதலைப் பெற்றுக்கொண்டோம் என்ற ஒப்புதல்) செய்யாவிட்டால் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாணயம் போலத் தீர்ந்துபோகும் பொருளுக்கு ‘கன்ஸ்யூம்’ (பயன்படுத்தியாயிற்று என்று கூகுளுக்குச் சொல்வது) செய்தாலே போதும், அதுவே ஒப்புதலாகிவிடும். உங்கள் செயலி போனிலேயே நாணயத்தை வரவு வைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒப்புதல் போகும் முன் இணைப்பு அறுந்தால் இதுதான் நடக்கும்.

வரிசையை மாற்றுங்கள். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கூகுள் தரும் அடையாளச் சரமான டோக்கனை, போன் உங்கள் சர்வருக்கு அனுப்பட்டும். சர்வர் அதைக் கூகுளிடம் சரிபார்த்து, டோக்கனைப் பதிவதையும் நாணயம் வரவு வைப்பதையும் ஒரே டேட்டாபேஸ் ட்ரான்சாக்‌ஷனில் முடிக்கட்டும்; நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது. ஒப்புதல் அதற்குப் பிறகுதான். டேட்டாபேஸ் அட்டவணையில் டோக்கன் பத்திக்கு யுனீக் கட்டுப்பாடு (ஒரே டோக்கன் இருமுறை பதியாமல் தடுப்பது) கட்டாயம்; ஒரே கொள்முதல் இரண்டு முறை வந்து சேர்வது சகஜம். ‘பென்டிங்’ (பணம் இன்னும் வந்துசேராத) நிலையில் இருப்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். செயலி திறக்கும்போதெல்லாம் முடிக்காத கொள்முதல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் சர்வருக்கு அனுப்புங்கள்.

ஆப்பிளிலும் இதே வரிசைதான்: ‘ஃபினிஷ்’ (கொள்முதல் முடிந்தது என்று ஆப்பிளுக்குச் சொல்வது) கடைசியில். அதைச் செய்யாதவரை அந்தக் கொள்முதல் திரும்பத் திரும்ப வரும், அது நமக்கு நல்லதுதான். அமேசானில் ரசீதைச் சரிபார்த்து வரவு வைத்தபின் ‘நோட்டிஃபை ஃபுல்ஃபில்மென்ட்’ (பொருளைக் கொடுத்துவிட்டோம் என்று அமேசானுக்குச் சொல்வது).

சந்தா விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று. ‘இவருக்குச் சந்தா உண்டா?’ என்று செயலி கடையைக் கேட்கவே கூடாது, உங்கள் சர்வரைத்தான் கேட்க வேண்டும். பயனர் எண், உரிமை, முடியும் தேதி, வாங்கிய கடை என்று ஓர் அட்டவணை போதும். யார் வாங்கினார் என்று இணைக்க, வாங்கும்போதே ஆப்பிளுக்கு ‘ஆப் அக்கவுண்ட் டோக்கன்’ (யூயூஐடி எனும் நீண்ட தனித்த அடையாள வடிவில்), கூகுளுக்கு ‘அப்ஃபஸ்கேட்டட் அக்கவுண்ட் ஐடி’ (ஆள் யாரென்று தெரியாதபடி மறைத்த கணக்கு அடையாளம்) கொடுங்கள். மின்னஞ்சலை அப்படியே அதில் போடாதீர்கள். புதுப்பித்தலில் ஆப்பிளின் ‘ஒரிஜினல் ட்ரான்சாக்‌ஷன் ஐடி’ (முதல் கொள்முதலின் எண்) மாறாது. கூகுளில் திட்டம் மாற்றினால் புது டோக்கன் வரும், பழையது ‘லிங்க்டு பர்ச்சேஸ் டோக்கன்’ என்று கூடவே இருக்கும். அந்தப் பழையதைச் செல்லாததாக்க மறந்தால் ஒரே சந்தாவில் இரண்டு கணக்குகள் ஓடும்!

சந்தா உள்ளவருக்கு மற்ற கடைகளின் செயலியில் வாங்கும் பொத்தானை மறைத்து, வாங்கிய கடையில்தான் ரத்து செய்ய முடியும் என்று எழுதிவையுங்கள். இல்லையென்றால் இருமுறை பணம் கட்டிவிடுவார்கள்.

பணம் திரும்பியதை அறிய, ஆப்பிளின் ‘ரீஃபண்ட்’ அறிவிப்பையும் கூகுளின் ‘வாய்டட் பர்ச்சேசஸ்’ ஏபிஐயையும் (ரத்தான கொள்முதல்களை சர்வர் கேட்டுப் பெறும் வழி) பாருங்கள். கூகுளின் சந்தா அறிவிப்பு ‘ஏதோ மாறியது’ என்று மட்டுமே சொல்லும். நிலையை மறுபடி கேட்டுத்தான் அறிய வேண்டும்.

வெளியிடும் முன் சோதனைக் கணக்கில் ஒரு பொதி வாங்கி, பணம் கட்டிய கணமே செயலியைக் கொன்றுவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். நாணயம் ஒரே ஒரு முறை ஏறியிருக்க வேண்டும்.

அன்புடன்