பதினொரு வயதின் டைமிங்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாகக் கோவையில் ஒரு கிளப்பில் நீந்துகிறாள். போன வருடம்வரை அவள் வயதுப் பிரிவில் முதல் மூன்றுக்குள் வந்துவிடுவாள். இந்த வருடம் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் டைமிங் அப்படியே நிற்கிறது. கூட நீந்தும் பெண் மூன்று செகண்டு முந்திவிட்டாள். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள்தான். அவள் ஜனவரி, என் பெண் நவம்பர். கோச்சோ அசைவுகளைத் திருத்தும் டிரில், ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை என்று நான்கு ஸ்ட்ரோக், ‘அவசரப்படாதீங்க’ என்றே ஓட்டுகிறார். இன்னொரு கிளப்பில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீரில் போட்டு, ஆறு மாதத்தில் டைமிங்கை இறக்கித் தருகிறோம் என்கிறார்கள். ‘அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஃபெல்ப்ஸ் பத்து வயதிலேயே சாதனை செய்தவர்தானே’ என்கிறார் என் கணவர். மாற்றிவிடலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

மாற்றாதீர்கள். உங்கள் கோச்சை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் குறையாக எழுதியிருப்பதெல்லாம் எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது.

ஜனவரி, நவம்பர் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதில்தான் பாதி விடை இருக்கிறது. பதினொரு வயதில் பத்து மாதம் என்பது சின்ன விஷயமில்லை. அதற்கு மேல் வளர்ச்சிக் கணக்கு வேறு. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பன்னிரண்டை ஒட்டி மளமளவென்று உயர்வார்கள், பையன்கள் பதினான்கை ஒட்டி. அதுவும் சராசரிதான், ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால் வரும், இன்னொன்றுக்குப் பின்னால். ஆக, பக்கத்துப் பக்கத்து லேனில் நிற்கும் இருவரில் ஒருத்தி உடம்பால் பத்து வயதாகவும் மற்றவள் பதின்மூன்றாகவும் இருக்கலாம். ஸ்டாப்வாட்சுக்கு இதெல்லாம் தெரியாது. முந்திப்போன அந்தப் பெண்ணுக்கும் இது பொருந்தும். உடம்பின் வாகு மாறும்போது ஒன்றிரண்டு வருடம் டைமிங் நின்றுபோவது பெண்களிடம் சகஜம். அன்று அவள் அம்மாவும் யாருக்காவது இப்படி ஒரு கடிதம் எழுதக்கூடும்.

நானும் ஒரு காலத்தில் ஸ்டாப்வாட்ச் அப்பாதான். என் மகனின் ஒவ்வொரு மீட்டையும், அதாவது போட்டியையும், நோட்டில் எழுதிவைத்தேன். டைமிங் இறங்கவில்லை என்று, அவன் பன்னிரண்டாம் வயதில் கிளப் மாற்றினேன். இரண்டு வேளைப் பயிற்சி, தண்ணீரை இன்னும் பலமாகத் தள்ளக் கையில் மாட்டும் பேடில் தட்டு. ஆறே மாதத்தில் இறங்கியது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பதினான்கில் தோள்பட்டை வலி. பதினைந்தில், பத்தாம் வகுப்பைச் சாக்காக வைத்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பயிற்சியாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டியவன் நான்.

ஃபெல்ப்ஸ் விஷயம் உண்மைதான். பத்து வயதுக்குட்பட்டோர் பட்டர்ஃப்ளையில் 1995இல் ஒரு அமெரிக்கப் போட்டியில் அவர் வைத்த போட்டிச் சாதனை 2018 வரை நின்றது. ஆனால் பதினொரு வயதில் பால்டிமோர் கிளப்பில் பாப் போமன் என்ற கோச்சிடம் வந்து சேர்ந்தவர், 2016 ரியோ ஒலிம்பிக் வரை அவரிடமேதான் நீந்தினார். உங்கள் கணவரிடம் அதையும் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நெய்வேலியில் வளர்ந்து அங்கேயே நீந்தக் கற்ற சாஜன் பிரகாஷைப் பாருங்கள். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 செகண்டில் முடித்தார். ஒலிம்பிக் நேரடித் தகுதிக்கான நேரத்தைத் தொட்ட முதல் இந்தியர் அவர்தான். அதற்கு முந்தைய வருடம் கழுத்துப் பிரச்சினையால் அவதிப்பட்டவர். ரோமில் அவருக்கு வயது 27. நம் ஊரில் 17 வயதிலேயே நீச்சல் உடையை மடித்து வைத்துவிடுகிறோம்.

அதனால், எந்தக் கிளப்பாக இருந்தாலும் சுவரில் தொங்கும் மெடல் படங்களைப் பார்க்காதீர்கள். சீனியர் பேட்ச் நேரத்துக்குப் போய், பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சின்னவர்கள் ஐம்பது பேர் இருந்து பெரியவர்கள் இரண்டே பேர் என்றால், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். போர்டு பரீட்சை என்பார்கள். பாதி உண்மைதான் அது.

அப்புறம், வீட்டில் டைமிங் பேச்சைக் கொஞ்ச நாள் விடுங்கள். கேலரியில் உட்கார்ந்து, ஒரு லேப்புக்கு அவள் எத்தனை கை போடுகிறாள் என்று எண்ணுங்கள். என் மகனின் பேட்சில் ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். 50 மீட்டருக்கு மற்றவர்கள் ஐம்பதுக்கு மேல் போடும்போது அவளுக்கு நாற்பத்து நாலு போதும். ஒவ்வொரு கையும் முன்னால் போய்த் தண்ணீரைப் பிடித்த பிறகுதான் இழுக்கும். ஐம்பதில் எப்போதும் நாலாவது, ஐந்தாவது. இருநூறில் மூன்றாவது லேப்புக்கு மேல் அவளை யாராலும் பிடிக்க முடியாது. எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை, நான் உட்பட.

இரண்டு வேளைப் பயிற்சியே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதற்கும் வயது வரும், அப்போது அவளே அலாரம் வைப்பாள். இப்போது அடுத்த மீட்டில் நான்கு ஸ்ட்ரோக்கையும் அடுத்தடுத்து நீந்தும் 200 மீட்டர் மெட்லிக்கும் அவள் பெயரைக் கொடுக்கச் சொல்லிக் கோச்சிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி ஃப்ரீஸ்டைல் லேப்பில் எண்ணிக்கை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.